மேலே போகும் மின்னலும் சின்னண்ணன் விசாரிப்பும்

நாமகிரிப்பேட்டைச் சுற்றுவட்டாரத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் ஜாதகத்தை ஜோசியரிடம் காட்டுவார்கள், மாப்பிள்ளையைச் சின்னண்ணனிடம் காட்டுவார்கள். பொருத்தமெல்லாம் பிரமாதம் என்று ஜோசியர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் சரி, சின்னண்ணன் வாயைத் திறக்கிற வரைக்கும் உறுதிவார்த்தைக்கு யாரும் நாள் குறிக்க மாட்டார்கள். மனுஷனுக்கு அப்படி ஒரு பேர்.

தொழில் என்னவோ முட்டைக்கோழிப் பண்ணைதான். ஆனால் உடம்பில் ஓடியது ரத்தமா சந்தேகமா என்று தெரியாது. தீவன மூட்டையைத் தானே தூக்கிப் பார்க்காமல் இறக்க விடமாட்டார். டிவியில் நாளைக்கு மழை என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னால், "இந்தப் புள்ளைக்கு யாரு வந்து சொன்னது?" என்பார். கோயில் திருநீற்றைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் நெற்றியில் வைப்பார். அவர் மனைவி வள்ளியாத்தாள், "என்னைக் கட்டும்போது மட்டும் எப்படித்தான் நம்பிக் கட்டுனீங்களோ" என்று சிரிப்பாள். "நம்புனேன்னு யாரு சொன்னா? உங்க ஊர்ல நாலு நாள் சுத்துனேன்" என்று அவரும் விடாமல் பதில் சொல்வார்.

சிரிப்பாகச் சொன்னாலும் அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய அக்காளை மேட்டூர்ப் பக்கம் கொடுத்தபோது யாருமே போய் விசாரிக்கவில்லை. பையன் நல்ல நிறம், நல்ல வேலை என்று தரகர் சொன்னதை வீடே நம்பியது. போன இடத்தில் ஏற்கெனவே ஒருத்தி கையில் குழந்தையோடு நின்றாள். அக்கா திரும்பி வந்து, யாரோடும் பேசாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு, அப்படியே காய்ந்து போய்ச் செத்தாள். மீசை முளைக்காத வயதில் அதைப் பார்த்தவர் சின்னண்ணன். அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு ஆறவே இல்லை.

அவர் விசாரிக்கிற விதமே தனி. மாப்பிள்ளையின் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குவார். தோளில் பச்சைத் துண்டு, பார்த்தால் ஆடு வாங்க வந்தவர் மாதிரி இருக்கும். டீக்கடை, சலூன், பூக்கடை என்று போய் உட்காருவார். பையன் நல்லவனா என்று கேட்கவே மாட்டார். அப்படிக் கேட்டால் எந்த ஊர்க்காரன் கெட்டவன் என்று சொல்லுவான்? இவராக ஒரு குறையைக் கட்டி, கல்லைப் போடுகிற மாதிரிப் போடுவார். "அந்த ஊட்டுப் பையனுக்குக் காது கேக்காதாமே?" என்பார். உடனே டீ ஆற்றுகிறவர், "யாரு சொன்னது? காதெல்லாம் பாம்புக்காதுங்க. குடிதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்று கொட்டிவிடுவார். கேட்டால் சொல்லாதவனும் திருத்துவதற்கு என்றால் ஓடி வருவான். இதைக் கண்டுபிடித்ததில் சின்னண்ணனுக்கு அப்படி ஒரு கர்வம். அப்புறம், ஒருவரையொருவர் அறியாத இரண்டு வாய் ஒரே விஷயத்தைச் சொன்னால் அது உண்மை, அதற்குமேல் பேச்சில்லை. இந்த வழியில் அவர் காப்பாற்றிக் கொடுத்த பெண்கள் இன்றைக்கும் வழியில் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

அப்பேர்ப்பட்டவரின் மகள் தனப்பிரியா, ராசிபுரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுப்பவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பாவுக்கு மோர் ஊற்றிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். சேலத்தில் தன்னோடு படித்த மோகன்குமார் என்பவரைப் பிடித்திருக்கிறது, கெங்கவல்லிக்காரர், நம்ம ஆட்கள்தான் என்றாள்.

"ஒளிச்சு மறைச்சு ஒண்ணும் இல்லீங்கப்பா. நீங்களே போய் விசாரிங்க" என்றாள். அவளுக்கு அவ்வளவு தைரியம். சின்னண்ணனுக்கு அந்தத் தைரியமே முதல் உறுத்தல்.

பையன் வீட்டுக்கு வந்தான். மாநிறம், கண்ணாடி, அடக்கமான பேச்சு. அடக்கமாகப் பேசுகிறவனைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பது சின்னண்ணன் கட்சி.

"தம்பிக்கு எங்க வேலை?"

"பெங்களூருங்க மாமா. ஒரு ஆராய்ச்சி நிலையத்துல இருக்கேன்."

"என்னத்தை ஆராயறீங்க?"

"மின்னலுங்க."

"மின்னல்ல ஆராய என்ன இருக்குது? அடிச்சா ஆள் காலி."

"நான் பாக்கறது கீழ அடிக்கிறது இல்லீங்க மாமா. மேகத்துக்கு மேல போறது."

சின்னண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். வள்ளியாத்தாள் சமையலறை வாசலில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

பையன் பொறுமையாகச் சொன்னான். பெரிய இடிமழை மேகம் ஒன்று இடிக்கும்போது, அதற்கு மேலே வெகு உயரத்தில், ஆகாயம் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில், சில சமயம் சிவப்பாக ஒரு வெளிச்சம் வெடிக்குமாம். மேலே குடை மாதிரி விரிந்து, கீழே விழுது விழுதாகத் தொங்குமாம். இன்னொரு வகை, நீலமாக மேகத்தின் உச்சியிலிருந்து மேல்நோக்கிப் பீய்ச்சுமாம். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். மேகம் மறைப்பதால் கீழே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. அதனால் பூமியைச் சுற்றுகிற விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் கேமராவும் ஒளி அளக்கிற கருவியும் பொருத்தி, நேராகக் கீழே பார்த்துப் படம் எடுக்கிறார்கள். மேகத்துக்குள் அடிக்கிற மின்னலும் மேலே போவதும் அங்கிருந்து பார்த்தால் ஒன்றாகக் கலந்து தெரியும். எது எதன் வெளிச்சம் என்று நிறத்தை வைத்துப் பிரிக்கிறதுதான் தன் வேலை என்றான்.

"விமானம் ஓட்டறவங்க ரொம்ப காலமாப் பாத்திருக்காங்க மாமா. சொன்னா, கண்ணு சரியில்லைன்னு வண்டியை விட்டு இறக்கிடுவாங்கன்னு பயந்துட்டு வெளிய சொல்லலை. அப்புறம் ஒருநாள் எதேச்சையா ஒரு கேமராவுல விழுந்துச்சு. அப்புறந்தான் நம்புனாங்க."

"அந்த பைலட்டுங்க போதையில இருந்திருப்பாங்க. சரி, நீங்க கண்ணால பாத்திருக்கீங்களா?"

"படத்துலதாங்க பாத்திருக்கேன். கண்ணால பாக்கறதுக்குக் குடுத்து வச்சிருக்கணும். நமக்கு மேல வானம் தெளிவா இருந்து, தூரத்துல பெருமழை பேஞ்சா பாக்கலாம். மின்னலைப் பாக்கக் கூடாது, அதுக்கு மேல இருக்கற இருட்டைப் பாக்கணும்."

பையன் போனதும் சின்னண்ணன் வெடித்தார். "கேட்டியா வள்ளி? கண்ணால பாக்காததை ஆராயறானாம். மின்னல் அடிக்கிறபோது மின்னலைப் பாக்கக் கூடாதாம், இருட்டைப் பாக்கணுமாம்! நம்ம காதுல பூ சுத்தறதுக்குப் பெங்களூர்ல இருந்து வந்திருக்கான்."

மறுநாளே கெங்கவல்லி பஸ் ஏறிவிட்டார். சலூனில் விசாரித்தால் பையன் ராக்கெட் விடுகிறான் என்றார்கள். உரக்கடையில் கம்ப்யூட்டர் வேலை என்றார்கள். சொந்தச் சித்தப்பாவே வானிலை ஆபீஸ் என்றார். ஆளுக்கொரு வேலை சொன்னால் ஒரு வேலையும் இல்லை என்றுதான் அர்த்தம், வேறென்ன? சின்னண்ணனுக்கு உள்ளுக்குள் உற்சாகம் ஏறியது. பஸ் நிலையத்து டீக்கடையில் உட்கார்ந்து கல்லைப் போட்டார்.

"அந்த மின்னல்காரப் பையன் சின்னதுல இடி விழுந்து மயங்கிக் கெடந்தானாமே? அதுல இருந்து மழைக்காலம் வந்தாலே ஒரு மாதிரி ஆயிடுவானாமே?"

டீக்கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்தினார். "அப்படியா? எனக்குத் தெரியாதுங்களே" என்றார். பக்கத்துப் பூக்கடை அம்மாளிடமும் அதையே போட்டார். "அய்யோ பாவம்" என்றாள் அவள், அதோடு சரி. திருத்துவதற்கு யாரும் ஓடி வரவில்லை. அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் ஒரு குறையும் இல்லை என்று வேறு எவனுக்காவது தோன்றியிருக்கும். சின்னண்ணனுக்கு, ஊரே சேர்ந்து மூடி மறைக்கிறது என்று தோன்றியது.

கொஞ்ச நாள் கழித்து முதல் வாய் வந்தது. சேலத்தில் முட்டை மொத்த வியாபாரம் செய்யும் பக்ருதீன் இவர் பண்ணையில்தான் முட்டை எடுப்பார். கெங்கவல்லிக் கடைகளுக்கும் அவர் வண்டி போகும். சின்னண்ணன் கேட்டுக்கொண்டதால் விசாரித்துவிட்டு போன் செய்தார்.

"அண்ணே, சொல்லவே சங்கடமா இருக்கு. பையனுக்குச் சின்ன வயசுல இடி தாக்கியிருக்காம். மழை நாள்ல நினைவு தப்பிருமாம். ஆஸ்பத்திரியில எல்லாம் வச்சுப் பாத்திருக்காங்களாம். நம்ம பொண்ணு மாதிரிப் பொண்ணு, யோசிச்சுக்குங்க."

அந்த வாரமே இரண்டாவது வாயும் வந்தது. அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கிற வள்ளியாத்தாளின் தம்பி நாச்சிமுத்து நேரிலேயே வந்துவிட்டான். கெங்கவல்லி வழியாக ஓடுகிற பஸ் டிரைவர் ஒருவர் சொன்னாராம். இடி விழுந்தது, மந்திரித்தது, மழைக்கு முன்னால் பையனை அறைக்குள் வைத்துப் பூட்டுவது எல்லாம் அதில் இருந்தது.

பக்ருதீனுக்கும் நாச்சிமுத்துவுக்கும் முகம்கூடத் தெரியாது. இரண்டு வாய்! சின்னண்ணன் தொடையில் தட்டிக்கொண்டார். "சும்மா போட்ட கல்லு வள்ளி, குறி பாக்காமப் போட்டேன். பழத்துமேலயே போய் விழுந்திருக்குது பாரு!" தன் புத்தியை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

தனப்பிரியா சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, மூணு வருஷம் ஒரே வகுப்புல படிச்சோம். அவரு மழையில நனைஞ்சுட்டேதான் லேபுக்கு வருவாரு. ஒருநாளும் ஒண்ணும் ஆகலை."

"மறைச்சிருப்பான் சாமி."

"எங்கிட்டயா?"

"உன்றகிட்டத்தான் முதல்ல மறைப்பான்."

அவள் உள்ளே போனாள். சின்னண்ணன் பையனின் அப்பாவுக்குப் போன் போட்டு, ஜாதகம் ஒத்து வரவில்லை என்று நாகரிகமாகச் சொல்லி முடித்தார். ஒரு பெண்ணைக் கிணற்று விளிம்பிலிருந்து இழுத்துவிட்ட நிம்மதி அவருக்கு. ஆனால் காப்பாற்றப்பட்டவள் அன்றிலிருந்து அப்பாவோடு பேசவில்லை. சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், முகத்தைப் பார்க்கவில்லை. பேசாமல் நடமாடுகிற ஒரு பெண்ணை அந்த வீட்டில் அவர் முன்பே பார்த்திருந்தார்.

அதனால் ஐப்பசியில் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காமல் பண்ணைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். கிழக்கே கடல் பக்கம் மழை பிடித்திருந்த நாட்கள். இங்கே தலைக்கு மேல் நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. தூரத்தில், மலைக்கு அப்பால், விட்டு விட்டு வெளிச்சம் மட்டும் தெரிந்தது, சத்தம் இல்லை. பையன் சொன்னது நினைவுக்கு வந்தது. அவன் புளுகன் என்பதைக் கண்ணாலேயே உறுதிப்படுத்திவிடலாம் என்று இருட்டைப் பார்த்தார். முதல் நாள் ஒன்றும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. "புளுகன்தான்" என்று திருப்தியாக இறங்கிப் போனார். இருந்தாலும் ஏனோ மறுபடி மறுபடி ஏறினார்.

அப்புறம் ஒரு நாள் அது வந்தது.

மலைக்கு அப்பால் வெளிச்சம் அடித்தது. அதே நொடியில், அதற்கு எவ்வளவோ மேலே, வெறும் ஆகாயத்தில், சிவப்பாக ஒரு வெளிச்சம் நின்றது. மேலே விரிந்து, கீழே விழுதுகள் தொங்கின. நின்றது என்று சொல்லக்கூட நேரமில்லை, போய்விட்டது. சின்னண்ணனுக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். எவனாவது ட்ரோன் விடுகிறானா? திருவிழா வாணமா? அந்தப் பையனே வந்து மலைமேல் ஏதாவது விளக்குக் கட்டியிருக்கிறானா? தொட்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்தார். மறுபடி வந்தது. அந்த உயரத்தில் விளக்குக் கட்ட எவனாலும் முடியாது.

"வள்ளீ! ஏ வள்ளீ!" என்று கத்திக்கொண்டே இறங்கி ஓடினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்ப்பதற்குள் அங்கே வெறும் இருட்டு.

"செவப்பா, தொங்குச்சு வள்ளி. மேகத்துக்கு மேல. அந்தப் பையன் சொன்ன மாதிரியே."

"ஏனுங்க, கண்ணுல பொரை விழுந்திருக்குமாட்ட. நாளைக்கு டாக்டர்கிட்டக் காட்டலாம் வாங்க."

நாச்சிமுத்துவுக்குப் போன் போட்டுச் சொன்னார். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "மச்சான், பையன் ஊட்டுல ஏதாச்சும் மருந்து வச்சுட்டாங்களா? வேற யாரு பாத்தாங்க? நீங்க மட்டுந்தானா?" என்றான். சின்னண்ணனுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நான் பொய் சொல்லுவேனா என்று கத்த வாய் எடுத்தவர் போனை வைத்துவிட்டார். தனப்பிரியா எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"நீயாச்சும் நம்பறியா சாமி?"

"நம்பறேங்கப்பா" என்றாள் அவள். எத்தனையோ நாளுக்கு அப்புறம் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "ஒரு நொடி கண்ணுல பட்டுச்சுங்கறீங்க. நீங்க சொல்றீங்க, நான் நம்பறேன். மூணு வருஷம் கூடவே இருந்து பாத்ததை நான் சொன்னேன். நீங்க நம்பலை."

அன்றைக்குச் சின்னண்ணனுக்குத் தூக்கம் வரவில்லை. நம்ப முடியாத விஷயத்தில் உண்மை பேசியவன், நம்பக்கூடிய விஷயத்தில் எதற்காக மறைக்க வேண்டும்? விடிந்ததும் பக்ருதீனைக் கூப்பிட்டார்.

"பாய், அந்தப் பையன் சமாச்சாரம் உங்களுக்கு யாரு சொன்னது?"

"பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில சொன்னாங்கண்ணே. ஏன், என்னாச்சு?"

நாச்சிமுத்துவைக் குடைந்தார். டிரைவருக்கு யார் சொன்னது என்று கேட்டு வாங்கச் சொன்னார். பஸ் நிலையத்துப் பூக்கடை அம்மாள் என்று பதில் வந்தது. அந்த இரண்டு கடையிலும் தானே கல்லைப் போட்டது சின்னண்ணனுக்கு நினைவு வந்தது. இருந்தாலும் கெங்கவல்லிக்குப் போனார், வேறு எவனாவது சொல்லியிருக்கட்டும் என்று வழி நெடுக வேண்டிக்கொண்டே போனார்.

டீக்கடைக்காரருக்கு அடையாளம் தெரியவில்லை. "இடி விழுந்த பையனா? ஊருக்கே தெரியுமே" என்றார்.

"உங்களுக்கு யாருங்க சொன்னது?"

"யாரோ நாமகிரிப்பேட்டைப் பக்கத்துப் பெரியவர் ஒருத்தர். ஆடு வாங்க வந்தவரு. தோள்ல பச்சைத் துண்டு போட்டுக்கிட்டு..." பேச்சை நிறுத்திவிட்டு டீக்கடைக்காரர் சின்னண்ணனின் தோளைப் பார்த்தார்.

அங்கிருந்து மோகன்குமார் வீட்டுக்கு நடந்தார். பையனின் அம்மா வாசலில் நின்றார், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. சின்னண்ணன் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒன்றையும் மறைக்காமல், தான் செய்ததைச் சொன்னார். அந்த அம்மாள் முழுவதையும் கேட்டார்.

"லீவுக்கு வந்தவன் முடி வெட்டிக்கப் போனான். 'மழைக்காலம் வருதே, இப்ப எப்படி இருக்கு தம்பி'ன்னு கேட்டிருக்காங்க. வந்து சோத்தைத் தொடாம அப்படியே பெங்களூர் பஸ் ஏறிட்டான். உங்க பொண்ணு மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க. இன்னிக்கும் அவதான் வேணும்ங்கறான்."

"உங்க பையன் சொன்னது அத்தனையும் நெசமுங்க. மேல போறதை நான் என் கண்ணால பாத்தேன்."

"அவன் சொன்னா நாங்க பாக்காமலே நம்புவோம்" என்றார் அந்த அம்மாள். "இந்த ஊர்ல நீங்க விட்ட பேச்சை நீங்களே திரும்ப எடுத்துடுங்க. எம் பையன் தலை நிமிந்து கடைத்தெருவுல நடக்கட்டும். அன்னிக்கு வந்து பொண்ணு குடுக்கறதைப் பத்திப் பேசுங்க."

அது நியாயம்தான். சின்னண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நேராக டீக்கடைக்கே திரும்பினார். பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள், அதுவும் நல்லதுதான். எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னார்.

"அந்த மோகன்குமாருக்கு ஒண்ணும் இல்லீங்க. இடியும் விழலை, ஒரு மண்ணும் விழலை. நான்தான் பொய்யாக் கட்டி விட்டேன். பையன் தங்கமான பையன். என்ற பொண்ணையே குடுக்கப் போறேன்."

பெஞ்சில் இருந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் ஒரு டம்ளர் டீயை அவர் முன்னால் வைத்து, குனிந்து, மிகுந்த கரிசனத்தோடு தாழ்ந்த குரலில் சொன்னார்:

"புரியுதுங்க ஐயா. பொண்ணு குடுக்கற இடம் ஆயிடுச்சு, இனி அப்படித்தான சொல்லியாகணும். கவலைப்படாதீங்க. நாங்க யாருகிட்டயும் மூச்சு விட மாட்டோம்."